சூடான எஞ்சினுக்கு ஸ்டாட்டர் இழுக்காதபோது: எஞ்சின் மாற்றிய ஜீப்புகளில் பழுதை அளந்து கண்டுபிடிக்கும் முறை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களுக்கும் அம்பாறைப் பக்கத்துக் கரும்புச் செய்கைக் காணிகளுக்கும் இன்றும் போய்வரும் பழைய ஜீப்புகள் பலவற்றில், முதலில் இருந்த பெற்றோல் எஞ்சின் கழற்றப்பட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். இவற்றை வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்றுண்டு. காலையில் திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் பிடித்துவிடும். வெல்லாவெளியில் இருந்து கல்முனைக்கு ஓடி வந்து, கடையொன்றின் முன் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் திருப்பினால், எஞ்சினை இயக்கத் தொடக்கத்தில் சுற்றிவிடும் மோட்டரான ஸ்டாட்டர் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். அல்லது 'டக்' என்ற ஒரே ஒலியோடு நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போல மறுபடியும் வேலை செய்யும்.

இந்த நிலையில் பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது பற்றரி. அது பயன் தராதபோது ஸ்டாட்டர் மோட்டர் மாற்றப்படுகிறது. இரண்டும் மாறிய பின்னும் பழுது இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்து, 'இந்த எஞ்சின் இந்த வண்டிக்குச் சரிவராது' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எஞ்சின் மாற்றிய வாகனங்களில் இக்கோளாறின் மூலம் பெரும்பாலும் பற்றரிக்கும் ஸ்டாட்டருக்கும் இடையே உள்ள வயர்களிலும், எஞ்சினுக்கும் பற்றரியின் மறை (−) முனைக்கும் இடையே உள்ள ஏர்த் தொடுப்பிலுமே இருக்கிறது. எஞ்சினை மாற்றியவர் கியர்ப்பெட்டியையும் எஞ்சின் தாங்கிகளையும் கவனித்துச் செய்திருப்பார். பழைய பெற்றோல் எஞ்சினுக்கென்று போடப்பட்ட மெல்லிய பற்றரி வயரை அப்படியே விட்டிருப்பார். ஆகவே எந்தப் பாகத்தையும் விலை கொடுத்து வாங்கும் முன், ஒரு சாதாரண மல்ரிமீற்றரால் அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவீட்டை எஞ்சின் சூடாக, பழுது கண்முன் இருக்கும் வேளையிலேயே செய்ய வேண்டும். ஆறிய வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதால் பயனில்லை, ஏனெனில் அங்கே அது ஒழுங்காகவே இயங்கும்.

எந்த வகைப் பழுது என்று முதலில் பிரித்தறிதல்

'சூட்டில் ஸ்டார்ட் ஆகுதில்லை' என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் மூன்று வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. ஸ்டாட்டர் சுற்றுகிறது, ஆனால் வழக்கத்தை விட மெதுவாகச் சுற்றுகிறது என்பது முதலாவது. ஒலி மட்டும் கேட்கிறது, அல்லது ஒலியும் இல்லை, எஞ்சின் அசைவதே இல்லை என்பது இரண்டாவது. ஸ்டாட்டர் காலையில் சுற்றும் அதே வேகத்தில் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது. முதலிரண்டும் மின்சுற்றையும், சில வேளைகளில் எஞ்சினின் இறுக்கத்தையும் சார்ந்தவை. மூன்றாவது எரிபொருளையோ தீப்பொறியையோ சார்ந்தது. அதற்குப் பற்றரி வயரை மாற்றுவதால் எதுவும் நடக்காது. இந்த வழிகாட்டி முதலிரண்டைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லப்படும்.

பிரித்தறிவதற்கு எளிய வழி முன்விளக்குகளைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புவதாகும். விளக்கு ஏறத்தாழ அணைந்துபோகும் அளவுக்கு மங்கினால், பற்றரி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனையில் தொடுப்பு சரியில்லை, அல்லது ஸ்டாட்டர் அளவுக்கு மிஞ்சி மின்னோட்டம் எடுக்கிறது. விளக்கு சற்றும் மங்காமல் ஒலி மட்டும் கேட்டால், ஸ்டாட்டருக்குள் பெரிய மின்னோட்டம் போய்ச் சேரவேயில்லை.

சூடு செய்வது என்ன

செப்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடுகிறது. காலையில் 30 பாகையில் இருந்த ஸ்டாட்டர் சுருள்கள் 100 பாகைக்குப் போனால் அவற்றின் தடை ஏறத்தாழ 27 சதவீதம் உயர்ந்திருக்கும். திறப்பைத் திருப்பும்போது ஸ்டாட்டருக்குள் பெரிய மின்னோட்டத்தை விடும் காந்தச் சுவிச்சான சொலினொயிட்டின் சுருளுக்கும் இதே நிலைதான்: அதே மின்னழுத்தத்தில் அதனூடு பாயும் மின்னோட்டம் குறைகிறது, இழுவிசையும் குறைகிறது. ஓடும்போது விசிறிக் காற்றும் சுற்றிவரும் நீரும் சூட்டை அகற்றிக்கொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன, புகைபோக்கிக் குழாயில் தேங்கிய சூடு பக்கத்தில் உள்ள பாகங்களுக்குப் பரவுகிறது. ஆகையால் ஸ்டாட்டர் மிக அதிகமாகச் சூடாவது வாகனம் ஓடும்போது அன்று, நிறுத்திய பின் வரும் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள்ளேயே ஆகும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் பொனட்டுக்குள் சூடு ஆறுவதற்கு இன்னும் கூடுதலான நேரம் எடுக்கும்.

தொழிற்சாலையில் இருந்து வந்த வாகனத்துக்கும் இந்த இயற்பியல் பொருந்தும். ஆனாலும் அது சூட்டில் திணறுவதில்லை, ஏனெனில் அதன் வயர்களும் பற்றரியும் போதிய மிகையோடு கணிக்கப்பட்டவை. மாற்றியமைத்த வாகனத்தில் அந்த மிகையை நாமே ஒவ்வொன்றாகத் தின்றுவிடுகிறோம். பழைய லாண்ட் ரோவரின் பெற்றோல் எஞ்சினில் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 7 அல்லது 8 ஆக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த டீசல் எஞ்சினில் அது பொதுவாக 17 முதல் 22 வரை இருக்கும். அதைச் சுற்றுவதற்குக் கணிசமாகக் கூடிய வலு தேவை. பொனட்டுக்குள் இடம் போதாமல் பற்றரி ஆசனத்தின் பின்னுக்குப் போயிருக்கும். புகையின் விசையால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் ரேர்போவின் குழாய் ஸ்டாட்டரை உரசும் அளவுக்கு நெருங்கியிருக்கும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால் அதற்கும் வாகனத்தின் இரும்புச் சட்டகமான செசிக்கும் உலோகத் தொடர்பே இல்லாமல் போயிருக்கும். இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் காலை வேளையில் எதுவும் தெரியாது. சூடு ஏறித் தடைகள் கூடும்போதே எல்லாக் குறைகளும் ஒன்றாகச் சேர்ந்து வெளிப்படுகின்றன.

அளக்கும் முன் செய்ய வேண்டியவை

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கைத்தடை இழுத்திருக்க வேண்டும். சக்கரத்தின் இரு பக்கமும் கட்டைகள் வைக்க வேண்டும். ஸ்பனரையோ திருப்புளியையோ சொலினொயிட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து எஞ்சினைச் சுற்றும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு. வாகனம் கியரில் இருந்தால், அப்படிச் செய்பவர் மீதே அது ஏறிவிடும். தயவுசெய்து அதை எவரும் செய்யக் கூடாது. பற்றரியைக் கழற்றும்போது மறை முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். மீற்றரின் வயர்களைப் புகைபோக்கிக் குழாயிலும் விசிறியிலும் படாதவாறு ஒதுக்கிக் கட்ட வேண்டும்.

பற்றரி முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்க வேண்டும். ஓய்வில் சில மணி நேரம் இருந்த பின் 12.6 வோல்ற்று காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதியளவே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு மேலே எந்த முடிவுக்கும் வர முடியாது. எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். முனைகளில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்ட வேண்டும். பற்றரி விற்கும் கடைகளில் சுமைப் பரிசோதனை செய்யும் கருவி இருக்கும். அங்கே ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. ஓய்வில் 12.6 காட்டும் பற்றரியே சுமையில் விழுந்துவிடுவதும் உண்டு.

அளவிடும்போது எஞ்சின் பிடித்துவிடக் கூடாது. ஸ்டாட்டர் மட்டும் சுற்ற வேண்டும். சுழல்வகை டீசல் பம்புகளில் எரிபொருளை நிறுத்தும் சொலினொயிட்டின் வயரைக் கழற்றிவிட்டால் போதும். வரிசைவகைப் பம்புகளில் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். பெற்றோல் எஞ்சினானால் தீப்பொறிச் சுருளுக்குப் போகும் மின்வழங்கலைத் துண்டிக்க வேண்டும். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டாட்டரைச் சுற்றக் கூடாது. இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

சூட்டில் அழுத்த வீழ்ச்சியை அளத்தல்

இதுவே முழு வேலையின் இதயம். நல்ல வயரொன்றின் இரு நுனிகளுக்கும் இடையே பெரிய மின்னோட்டம் பாயும்போது மிகச் சிறிய அழுத்த வித்தியாசமே இருக்கும். வயர் மெல்லியதாகவோ தொடுப்பு துருப்பிடித்தோ இருந்தால், பற்றரி தரும் அழுத்தத்தின் ஒரு பகுதி அந்த இடத்திலேயே வெப்பமாகச் செலவழிந்துவிடும். எங்கே எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதை மீற்றர் நேரடியாகக் காட்டிவிடும். மின்தடை அளக்கும் பகுதியில் மீற்றரை வைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஒரேயொரு இழை மட்டும் மிஞ்சிய வயரும் அந்தப் பரிசோதனையில் பூச்சியத்துக்கு அண்மையாகவே காட்டும்; முந்நூறு அம்பியர் கேட்கும்போதுதான் அதன் உண்மை நிலை வெளிப்படும்.

மீற்றரை நேரோட்ட வோல்ற்றில் வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டாட்டரில் எந்த முனை எது என்று அடையாளம் கண்டு, எட்டாத முனைகளுக்கு மெல்லிய வயர் ஒன்றைக் கட்டி வெளியே எடுத்துவைத்தால், சூட்டில் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பற்றரியின் நேர் முனையோடு தொடர்ந்திருக்கும் அத்தகைய வயருக்குச் சிறிய பியூஸ் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். பின்னர் வாகனத்தை நன்றாக ஓட்டி, வழக்கமாகப் பழுது தோன்றும் அளவுக்குச் சூடாக்கி நிறுத்தி, பதினைந்து நிமிடமளவில் காத்திருந்து, ஒருவர் திறப்பைத் திருப்ப மற்றவர் அளக்க வேண்டும்.

முதலில் பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே அளக்க வேண்டும். ஸ்டாட்டர் சுற்றும்போது 10 வோல்ற்றுக்கு மேல் நின்றால் பற்றரி தன் வேலையைச் செய்கிறது. 9.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டாட்டர் மிகையாக இழுக்கிறது. நன்றாக வேலை செய்யும் வேறொரு பற்றரியைப் போட்டுப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, மீற்றரின் ஒரு முள்ளைப் பற்றரியின் நேர் முனையிலும் மற்றதை ஸ்டாட்டரில் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து அளக்க வேண்டும். முள்ளை வயரின் கவ்வியில் வைக்காமல் பற்றரியின் ஈய முனையின் நடுவிலேயே ஊன்ற வேண்டும். கவ்வியில் வைத்தால், கவ்விக்கும் முனைக்கும் இடையே உள்ள தொடுப்புக் குறை அளவீட்டில் சேராது. சுற்றும்போது 0.5 வோல்ற்றுக்குள் இருந்தால் நன்று. ஒரு வோல்ற்றையும் தாண்டினால் அந்த வயரோ அதன் நுனிகளோ குற்றவாளி.

மூன்றாவது அளவீடு, பற்றரியின் மறை முனைக்கும் ஸ்டாட்டரின் உலோக உடலுக்கும் இடையே. வண்ணப்பூச்சைச் சற்றுச் சுரண்டிவிட்டு முள்ளை ஊன்ற வேண்டும். இது 0.3 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிய வாகனங்களில் மிக அடிக்கடி தோற்றுப்போகும் அளவீடு இதுவே. ஆயினும் பலர் அளக்காமல் விடுவதும் இதைத்தான், ஏனெனில் 'ஏர்த்' என்றால் இரும்பில் எங்காவது தொட்டால் போதும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது.

நான்காவதாக, திறப்பில் இருந்து சொலினொயிட்டுக்கு வரும் சிறிய முனையைப் பார்க்க வேண்டும். திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது, பற்றரியின் நேர் முனைக்கும் இந்தச் சிறிய முனைக்கும் இடையே ஒரு வோல்ற்றுக்கு மேல் இழப்பு இருந்தால், திறப்புச் சுவிச்சு, பழைய வயர்க்கட்டு, இணைப்பிகள் ஆகியவற்றில் எங்கோ தடை இருக்கிறது. ஐந்தாவதாக, சொலினொயிட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் இடையே, மோட்டர் சுற்றும்போது 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் உள்ளே உள்ள செப்புத் தொடுகைகள் தேய்ந்துவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு மோட்டர் சுற்றாத வேளையில், பெரிய வயரூடாக மின்னோட்டம் பாயாமலே இருந்திருக்கலாம். மின்னோட்டம் பாயாத வயர், எவ்வளவு மோசமானதாக இருந்தாலும், பூச்சிய வீழ்ச்சியையே காட்டும். அப்போது இரண்டாவது, மூன்றாவது அளவீடுகளில் பூச்சியம் வந்தது என்பதற்காக வயர்கள் நல்லவை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்த நிலையில் நான்காவது, ஐந்தாவது அளவீடுகளே பேசும்: சிறிய முனைக்குப் போதிய அழுத்தம் வந்தும் பெரிய போல்ட்டுகளுக்கு இடையே முழுப் பற்றரி அழுத்தமும் நின்றால், சொலினொயிட்டின் தொடுகை மூடவில்லை, சிறிய முனைக்கே அழுத்தம் வரவில்லை என்றால், திறப்புச் சுற்றைத் தேட வேண்டும்.

ஏர்த் தொடுப்பும் பற்றரி வயரும்

நம் கரையோரத்தில் ஏர்த் தொடுப்பு கெடுவதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. கல்லடி தொடங்கிக் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வரை பிரதான வீதி கடலுக்கும் வாவிக்கும் அருகாகவே ஓடுகிறது. உப்புக் காற்று பெயின்ற்றின் அடியிலும் வொஷரின் அடியிலும் புகுந்துவிடும். மீன் ஏற்றும் வாகனங்களில் பனிக்கட்டி கரைந்த உப்புநீர் தினமும் செசியில் வழிகிறது. வெளியே இறுக்கமாகத் தெரியும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே துருத்தூள் மட்டுமே இருக்கும்.

எஞ்சினுக்கு ஒழுங்கான ஏர்த் வயர் இல்லாதபோது மின்னோட்டம் வேறு வழி தேடிக்கொள்ளும். எக்ஸிலேற்றர் கேபிளும் கிளச் கேபிளும் அந்த வழியாகிவிடுகின்றன. ஸ்டாட்டரைச் சுற்றிய பின் எக்ஸிலேற்றர் கேபிளின் உறை சூடாக இருந்தாலோ உருகியிருந்தாலோ, வேறு பரிசோதனை இன்றியே ஏர்த் இல்லை என்று கூறிவிடலாம். உறுதிப்படுத்த விரும்பினால், தரமான ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு நுனியைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் கவ்வவைத்து, சூட்டில் மறுபடியும் முயன்று பாருங்கள். அப்போது எஞ்சின் சட்டென்று சுற்றினால், செலவில்லாமலேயே பழுது பிடிபட்டுவிட்டது.

திருத்தும் முறை நேரானது. பற்றரியின் மறை முனையில் இருந்து தடித்த வயர் ஒன்றை இடையில் எங்கும் நிறுத்தாமல் ஸ்டாட்டரைப் பூட்டும் போல்ட்டுக்கோ, அதன் பக்கத்தில் உள்ள கியர்ப்பெட்டிப் போல்ட்டுக்கோ கொண்டுபோக வேண்டும். அதைத் தவிர எஞ்சினில் இருந்து செசிக்கும், செசியில் இருந்து உடற்பகுதிக்கும் ஒவ்வொரு பட்டை வயர் போட வேண்டும். தொடும் இடத்தைப் பளபளக்கும் வரை சுரண்டி, நட்சத்திர வொஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பின் மேலே கிறீஸ் பூச வேண்டும். செசியையே மறை வயராகப் பயன்படுத்துவதைப் பலர் ஏற்கிறார்கள். புதிய வாகனத்தில் அது பிழையன்று. எனினும் நம் கரையோர ஜீப்புகளின் செசிகள் இருக்கும் நிலையைப் பார்த்தால், தனி வயரே நம்பத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

வயரின் தடிப்பைக் கண்மட்டத்தில் தீர்மானிக்காமல் கணக்கிட்டுத் தீர்மானிப்பது நல்லது. ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உள்ள செப்பு வயரின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். நீளத்தால் பெருக்கிக் குறுக்குவெட்டால் வகுத்தால் வயரின் தடை கிடைக்கும். அதை மின்னோட்டத்தால் பெருக்கினால் இழப்பு கிடைக்கும். ஆசனத்தின் பின்னால் இருக்கும் பற்றரிக்கு 4 மீற்றர் வயர் தேவைப்படுகிறது, ஸ்டாட்டர் 300 அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 சதுர மில்லிமீற்றர் வயரில் 1.3 வோல்ற்று இழக்கப்படும், 25இல் 0.84; 50இல் 0.42, 70இல் 0.3. நேர் வயரும் மறை வயரும் இரண்டுமே 25 ஆக இருந்தால் மொத்த இழப்பு 1.7 வோல்ற்று. பற்றரி சுமையில் 10.5 வோல்ற்றில் நிற்கிறதென்றால் ஸ்டாட்டருக்குப் போய்ச் சேர்வது 8.8 மட்டுமே. காலையில் அது போதுமாக இருக்கலாம், சூட்டில் போதாது. ஆகவே பின்னால் பற்றரி வைத்த டீசல் ஜீப்புக்கு 50க்குக் குறைவான வயரைப் போடுவதில் பயனில்லை. 70 கிடைத்தால் அதையே போட வேண்டும்; மூன்றாவது அளவீட்டின் 0.3 எல்லைக்குள் நிற்க மறை வயருக்கு 70 தேவை. பற்றரியை மறுபடியும் பொனட்டுக்குள் கொண்டுவர இடம் செய்ய முடியுமானால் அது இவை எல்லாவற்றையும் விடச் சிறந்தது.

வெல்டிங் வேலைக்கு விற்கும் நெளிவுள்ள செப்பு வயர் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் ரப்பர் உறை எண்ணெயையும் டீசலையும் நீண்ட காலம் தாங்காது என்பதால் நெளிகுழாய் ஒன்றுக்குள் விட வேண்டும். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம், அதன் தடை செப்பை விடக் கணிசமாகக் கூடியது. நுனிகளுக்கு ஐதரோலிக் கருவியால் அழுத்திய தடித்த செப்பு லக்குகள் (போல்ட்டில் பூட்டுவதற்கான துளையுள்ள முனைகள்) வேண்டும். சுத்தியலால் தட்டி ஈயம் ஊற்றும் முறையில் அந்த ஈய-வெள்ளீயப் பற்றாசு உருகும் வெப்பநிலை 183 பாகையளவே என்பதால், புகைபோக்கிக் குழாய்க்கு அருகில், தளர்ந்த தொடுப்பொன்றில் அது இளகிவிடக்கூடும்.

நேர் வயருக்குப் பொதுவாகப் பியூஸ் இருப்பதில்லை. ஆகவே அந்த வயர் உடற்பகுதித் தகட்டினூடு செல்லும் ஒவ்வொரு துவாரத்திலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். டீசல் குழாயோடு சேர்த்துக் கட்டக் கூடாது. புகைபோக்கிக் குழாயில் இருந்து ஒரு சாண் தூரமாவது விலகியிருக்க வேண்டும். உறை தேய்ந்து செசியில் பட்டால் வாகனமே எரிந்துவிடும்.

திறப்புச் சுற்றுக்கு ஒரு றிலே

சொலினொயிட் உள்ளிழுக்கும் கணத்தில் சில பத்து அம்பியர்களை எடுக்கிறது. அந்த மின்னோட்டம் முழுவதும் முப்பது, நாற்பது ஆண்டு பழைமையான திறப்புச் சுவிச்சினூடும் மெல்லிய வயர்க்கட்டினூடும் வருவதாலேயே நான்காவது அளவீடு கெடுகிறது. சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச்சான றிலே ஒன்று இதைத் தீர்த்துவிடும். திறப்பில் இருந்து வந்த பழைய வயரை றிலேயின் 86ஆம் முனைக்கும், 85ஆம் முனையை ஏர்த்துக்கும் கொடுங்கள். பற்றரியின் நேர் முனையில் இருந்து 40 அம்பியர் பியூஸ் ஒன்றினூடு 6 சதுர மில்லிமீற்றர் வயரை 30ஆம் முனைக்குக் கொண்டுவந்து, 87ஆம் முனையில் இருந்து அதே தடிப்பான வயரைச் சொலினொயிட்டின் சிறிய முனைக்குக் கொடுங்கள். பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 70 அம்பியர் தாங்கும் றிலேயை வாங்கி, எஞ்சினின் சூடும் மழைநீரும் படாத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்ட வேண்டும்.

ஸ்டாட்டர் உண்மையிலேயே பழுதாக இருந்தால்

வயர்கள் எல்லாம் அளவீட்டில் தேறிய பின்னரே ஸ்டாட்டரைக் கழற்ற வேண்டும். ஐந்தாவது அளவீடு கூடியிருந்தால், கியர்க் குறைப்பு வகை ஜப்பானிய ஸ்டாட்டர்களில் சொலினொயிட் மூடியைத் திறந்து, இரண்டு செப்புத் தொடுகைகளையும் அவற்றைத் தொடும் தட்டையும் மாத்திரம் மாற்றினால் போதும். முழு ஸ்டாட்டரை வாங்கத் தேவையில்லை. தொடுகைகளில் ஒன்று மட்டும் ஆழமாகத் தேய்ந்திருப்பது வழக்கம். சுழலும் பகுதிக்கு மின்னோட்டத்தைக் கொடுக்கும் காபன்களின் நீளத்தையும், அவற்றை அழுத்தும் சுருள்வில்லுகள் சூட்டில் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால், மோட்டரின் சுழலும் பகுதியான ஆமேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியுள்ள காந்தப் பகுதியை உரசும். ஆமேச்சரின் மேற்பரப்பில் தேய்ந்த பளபளப்பு தெரியும். அத்தகைய மோட்டர் ஆறியிருக்கும்போது சமாளித்துச் சுற்றும், சூட்டில் விரிந்ததும் இறுகிவிடும்.

சூட்டுக் கவசம்

பலர் முதலில் செய்ய விரும்புவதை நான் வேண்டுமென்றே பின்னுக்கு வைத்திருக்கிறேன். மின்சுற்று குறையோடு இருக்கும்போது கவசம் போட்டால் பழுது சில வாரங்கள் ஒளிந்திருக்கும். கோடை வந்ததும் திரும்பி வந்துவிடும். மின்சுற்று சரியான பின்பும் ஸ்டாட்டருக்கும் புகைபோக்கிக் குழாய்க்கும் இடையே நான்கு விரல் இடைவெளி கூட இல்லாவிட்டால் கவசம் தேவைதான். ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பான அலுமினிய அல்லது கறையில் உருக்குத் தகட்டை, குழாயையும் ஸ்டாட்டரையும் தொடாமல் இரு பக்கமும் காற்று ஓடும்படி, நடுவில் நிறுத்திப் பூட்ட வேண்டும். ஸ்டாட்டரைச் சுற்றிக் கட்டும் வெப்பப் போர்வைகள் கதிர்வீச்சைத் தடுக்கும்; ஆனால் எண்ணெய் கசியும் எஞ்சினில் அவை எண்ணெயை உறிஞ்சித் தீப்பற்றக்கூடியவையாகிவிடும். குழாயைச் சுற்றிக் கட்டும் நாடாவும் நம் கரையோரத்துக்கு உகந்ததன்று: உப்பீரத்தை உள்ளே பிடித்துவைத்துக் குழாயையே அரித்துவிடும்.

ரேர்போ பூட்டிய எஞ்சினை, நெடுந்தூரம் ஓடிவந்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தினால், ரேர்போவுக்கும் நல்லது, ஸ்டாட்டரில் ஏறும் சூடும் குறையும்.

மின்சுற்றில் எதுவும் இல்லை என்றால்

எல்லா அளவீடுகளும் சரியாக இருந்தும் எஞ்சின் சூட்டில் கனமாகச் சுற்றினால், எஞ்சினையே பார்க்க வேண்டும். எரிபொருளைத் துண்டித்து, பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, முன் கப்பியின் போல்ட்டில் நீண்ட ஸ்பனரைப் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆறியபோது இருந்த இறுக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கைக்குத் தெரியும். ரேடியேற்றர் அடைபட்டு எஞ்சின் மிகையாகக் கொதிப்பது இதற்குப் பொதுவான காரணம்; பெற்றோல் வண்டிக்கென்று அமைந்த சிறிய ரேடியேற்றரை டீசலுக்கும் விட்டிருப்பார்கள். ரேடியேற்றர் நீர் காரணமின்றிக் குறைந்து, சுற்றும்போது எஞ்சின் ஓரிடத்தில் திடீரென்று தடைப்பட்டால், சிலிண்டருக்குள் நீர் இறங்கியிருக்கலாம். அப்போது மேலும் சுற்றினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்; உடனே நிறுத்திக் கராஜுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். பெற்றோல் எஞ்சினில், சுற்றும்போது பின்னுக்கு உதைத்து நின்று மறுபடி சுற்றினால், தீப்பொறி நேரம் மிகையாக முன்தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நேரவிளக்கால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காத டீசல் எஞ்சினில், சுழல்வகைப் பம்பின் உள் உறுப்புகள் தேய்ந்திருக்க இடமுண்டு. சூடான டீசல் மெல்லியதாகி அந்தத் தேய்வினூடு கசிவதால், சுற்றும் வேகத்தில் போதிய அழுத்தம் எழாது. நிறுத்திய எஞ்சினின் பம்பின் மீது ஈரத் துணியைப் போட்டுச் சில நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள். உடனே பிடித்தால் பம்பைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். சூடான பம்பில் வாளியால் நீரை ஊற்றக் கூடாது, அது இறுகிப்போகக்கூடும். காபரேட்டர் எஞ்சினில் கிண்ணத்துப் பெற்றோல் கொதிப்பதும், மின்னணு எஞ்சினில் சுழற்சியை உணரும் சென்சர் சூட்டில் செயலிழப்பதும் இதே தோற்றத்தைத் தரும்.

வேலை முடிந்ததும், ஐந்து அளவீடுகளையும் முன்பு போலவே சூட்டில் ஒருமுறை எடுத்து, திகதியோடு எழுதி, பொனட்டின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கச்சான் தொடங்கும் முன் மூன்றாவது அளவீட்டை மட்டுமாவது திரும்ப எடுத்து, ஒட்டிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது 0.3 வோல்ற்றைத் தாண்டியிருந்தால் ஏர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.